கோமதி இருக்கும் ஆஸ்பத்திரி

பிப்ரவரி 6, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு இது நாலாவது தடவை. போன முறை மருந்துக்கடைக்காரர், "மாசா மாசம் வருதாம்மா, இல்ல நெனச்ச நேரத்துல வருதா?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த டைரி. நான் வேலை பார்க்கும் அச்சுக்கடையில் விற்காமல் நின்றுபோனதை முதலாளி அண்ணாச்சி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வரும் நாளையும் போகும் நாளையும் குறித்து வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

நாள் முழுக்க ஊராரின் கல்யாணத்தையும் கருமாதியையும் கம்ப்யூட்டரில் அடித்துத் தள்ளுகிறவள் நான். என் வியாதியை எழுதக் கை கூசுகிறது. சரி, எழுதுகிறேன். அரிப்பு. வெள்ளைப்படுதல், திரிந்த பால் போல. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். எழுதியாயிற்று, கூரை இடிந்து விழவில்லை.

சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல ஒரே ஒரு மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். ஜி.எச். போனால் வரிசையில் நின்றே ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம் பிடித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

அரிப்பு நின்றுவிட்டது. பூரணிக்கு ஆங்கிலத்தில் எண்பத்தொன்று.

பிப்ரவரி 18, ஞாயிறு

மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார். கோமதிக்கு நம்ம ஊருக்கே மாற்றல் வந்திருக்கிறதாம். பார்க் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறதாம். நர்சுகளில் இப்போது அவள்தான் பெரியவளாம்.

ரெண்டு மாதமாகிவிட்டது, இப்போதுதான் சொல்கிறார். அதை ஏன் இப்போது சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. இன்னும் ரெண்டு துண்டு கறி எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

கோமதி யார் என்று இந்த டைரிக்குத் தெரியாது. அவள் என் மாமியாரின் அண்ணன் மகள். என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள், கட்டிக்கொள்ளும் முறை. எனக்குக் கல்யாணமாகி ஐந்தாம் நாள், பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னார்: "அண்ணன் மவளத்தான் கேட்டோம். அவுக தரல. பொறவுதான் இந்தப் புள்ளையப் பாத்தோம்." அவர் அதைத் திட்டியும் சொல்லவில்லை, இளக்காரமாகவும் சொல்லவில்லை. கத்திரிக்காய் தீர்ந்துபோச்சு, வெண்டைக்காய் வாங்கினோம் என்பது மாதிரிச் சொன்னார். மாமியார் செத்து ஆறு வருஷமாகிறது. அந்த வாக்கியம் இன்னும் சாகவில்லை.

இந்தப் பதினாலு வருஷத்தில் கோமதியை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், மூன்றும் விசேஷ வீடுகள். நிமிர்ந்த முதுகு. நீளமான விரல்கள். மூன்று தடவையும் என் வீட்டுக்காரர் அவளிடம் பேசியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னிடம் ஒருநாளும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வந்துவிட்டது. இந்த முறை பதினெட்டே நாள்.

கடையில் எல்லாரும் நான் மெலிந்துவிட்டேன், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கோமதிக்கும் எனக்கும் உடம்பில் இருந்த வித்தியாசம் குறைந்திருக்கும்.

வெயில் இப்போதே ஏறிவிட்டது. இரண்டு லிட்டர் பாட்டில் பதினோரு மணிக்கே காலி. குடித்துக் குடித்துப் பாத்ரூமுக்கு நடக்கிறேன். அங்கே போனால் எரிச்சல்.

அவர் இன்றைக்கு, "அந்த பி.எச்.சி.ல போய் ஒரு தடவ காட்டேன், சும்மாத்தான பாக்காக" என்றார். பார்க் என் கடையிலிருந்து இரண்டு தெருதான். மருந்து, மாத்திரை, டெஸ்ட் எதற்கும் காசு கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். அங்கே போய்ப் படுத்து, கோமதியின் முன்னால் சேலையைத் தூக்கச் சொல்கிறாரா?

மருந்துக்கடையில் அதே மாத்திரை, அதே களிம்பு.

மார்ச் 4, திங்கள்

மாத்திரை இந்த முறை கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. அண்ணாச்சியிடம் பல்வலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மெயின் ரோட்டில் இருக்கும் தனியார் லேடி டாக்டரிடம் போனேன். பூரணியின் ஷூவுக்கும் டியூஷனுக்கும் எடுத்து வைத்திருந்தது அங்கே போயிற்று.

டாக்டரம்மா நல்லவர்தான். பூஞ்சைத் தொற்று என்றார். இப்படித் திரும்பத் திரும்ப வரக்கூடாது, ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஏழு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். லேபில் ஏழுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டு, முதல் இரண்டை மட்டும் எடுக்கச் சொன்னேன். மற்றது என்னவென்று பார்க்கவில்லை. சர்க்கரை, உப்பு என்று என்னவெல்லாமோ எழுதியிருந்தார். எனக்கு அரிப்புக்கு வேண்டியது போதும்.

கிளம்பும்போது அவர் சொன்ன கடைசி விஷயம்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரருக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அவருக்கும் மருந்து போட வேண்டும் என்றார்.

அவருக்கு எங்கிருந்து வரும்?

மார்ச் 5, செவ்வாய்

இன்றிலிருந்து ஹாலில் பூரணியோடு படுக்கிறேன். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்று சொன்னேன். அவர் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

மார்ச் 13, புதன்

செய்யக்கூடாததைச் செய்தேன். அவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். 'கோமதி நர்ஸ்' என்று சேமித்து வைத்திருக்கிறார். நர்ஸ் என்று பின்னால் போட்டுவிட்டால் சுத்தமாகிவிடுமா? இரண்டு வாரத்தில் ஏழு அழைப்பு. ஒன்று பதினோரு நிமிஷம். என்னோடு அவர் போனில் பதினோரு நிமிஷம் பேசியதே இல்லை. "பால் வாங்கணுமா?" "வேண்டாம்." அதோடு முடிந்துவிடும்.

ரசத்தில் உப்பு இரண்டு மடங்கு விழுந்தது. விழுந்தது என்றுதான் எழுதுகிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

கனவில் அவளுடைய விரல்கள் வருகின்றன.

மார்ச் 21, வியாழன்

நேற்று அவர், நாளைக்கு லேத் பட்டறையிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும், சாமான் வாங்கப் போக வேண்டும் என்றார். எனக்கு மூக்கில் வேர்த்தது. இன்று நாலு மணிக்கு அண்ணாச்சியிடம் மறுபடியும் பல்வலி சொன்னேன். அவர் எந்தப் பல் என்று கேட்டார். கையை எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்பி, வலது பக்கம் வைத்தேன். போன தடவை இடது பக்கம்.

பி.எச்.சி.க்கு எதிரில் ஒரு கரும்புச்சாறு வண்டி நிற்கிறது. அதன் குடைக்குப் பின்னால் நின்றேன். சும்மா நின்றால் வண்டிக்காரர் என்ன நினைப்பார் என்று ஒரு டம்ளர் வாங்கினேன். நாலே காலுக்கு அவருடைய பைக் வந்தது. இறங்கினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், உள்ளே போனார். நான் இரண்டாவது டம்ளர் வாங்கினேன். அவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. கோபத்தில் எனக்குத் தொண்டை காய்ந்துகொண்டே போனது. மூன்றாவது டம்ளரும் குடித்தேன்.

வரும்போது கையில் ஒரு பேப்பர் கவர். வாசல் வரைக்கும் அவள் கூட வந்தாள். ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

கோமதிக்கு நரைத்துவிட்டது. காதோரத்தில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் முதுகு அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வருவதற்குள் தலை சுற்றி ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

கவர் பைக் டூல்ஸ் பெட்டிக்குள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு களிம்பு டியூப். பெயர் என் களிம்புப் பெயரில் பாதி. பூஞ்சைக்கு என்று போட்டிருந்தது.

ஆக, அவருக்கும் இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

பூரணி டியூஷன் போயிருந்தாள். அவர் வந்ததும் டியூபைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு மாசமா அரிச்சுது. யார்ட்டக் கேக்க? தெரிஞ்ச ஆளு அவ ஒருத்திதான். அங்க உள்ள டாக்டரம்மா எனக்குச் சீனி இருக்கான்னு குத்திப் பாத்தாக. இல்ல. ஒங்களுக்கு இல்லன்னா ஒங்க வீட்டம்மாவுக்கு இருக்கும், கூட்டிட்டு வாங்கன்னாக. நான் எப்பிடிக் கூட்டிட்டுப் போவேன்? பேரச் சொன்னாலே ஒன் மூஞ்சி மாறுது."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம விசயத்தக் கொண்டுபோயி அவகிட்டச் சொன்னீகளா?"

"வியாதியத்தான் சொன்னேன்."

"என் வியாதிய."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் பட்டினி கிடந்தது எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

இனி அந்த ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிக்க முடியுமா? என் உடம்பின் சங்கதி எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அவள் மனதுக்குள் சிரித்திருப்பாள். தான் வேண்டாமென்று விட்டவனுக்கு வாய்த்தவளைப் பார் என்று.

மார்ச் 30, சனி

ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் தாய்மாமன் பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன். இருநூறு கார்டு வீண். எழுத்து எல்லாம் கலங்கித் தெரிகிறது. அண்ணாச்சி கோபப்படவில்லை, கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார், கூடவே பல்லையும் பிடுங்கிவிடச் சொன்னார். வயசு முப்பத்தெட்டு. கண்ணும் போச்சு.

டாக்டரம்மா கொடுத்த மருந்து தீர்ந்த ஒரு வாரத்தில் அது திரும்ப வந்துவிட்டது. மறுபடி அங்கே போக வழியில்லை. மருந்துக்கடைக்காரர் வேறு ஒரு களிம்பு கொடுத்தார். தடவினதும் குளுகுளு என்று அடங்குகிறது. இது நல்ல களிம்பு.

ஏப்ரல் 2, செவ்வாய்

குளுகுளு களிம்பு தடவியும் முன்னை விடச் சிவந்திருக்கிறது. நடக்கும்போது தோல் வெடிக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

இன்று போனேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் சேலை உடுத்தவே முடியவில்லை. உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது பூரணி பார்த்துவிட்டாள். கேள்வி கேட்காமல் என் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிகிறது, அம்மாவுக்கு எப்போதும் தாகம் என்று. அப்போதுதான் முடிவு செய்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். கோமதி கைக்குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், டாக்டர் அறைப் பக்கம் வரமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் படுக்கச் சொன்னார். "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது கோமதி.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த நிலையில் யார் ஓட முடியும்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. துப்புரவு வேலைக்கு நின்ற அம்மாளை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை நன்றாக இழுத்து மூடினாள். கையுறை போட்டுக்கொண்டாள். அந்த விரல்களைத்தான் நான் கனவில் பார்த்தேன். நிஜத்தில் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

"மூச்சப் பிடிச்சு வச்சுக்கிடாத செம்பகம், விடு. வலிச்சாச் சொல்லு, டாக்டர நிறுத்தச் சொல்லுதேன்" என்றாள். என் காலைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. சொன்னேன். டாக்டரம்மாவை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். எனக்கு அழுகை வந்தது வலியாலா, அவள் சொன்னபடி செய்ததாலா என்று தெரியவில்லை.

களிம்பு டியூபைக் கேட்டாள். கொடுத்தேன். பெயரைப் படித்துவிட்டு, இது எரிச்சலை அமர்த்தும், பூஞ்சையை வளர்க்கும், யார் கொடுத்தது என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

பிறகு விரலில் குத்தினாள். சின்ன மெஷின். அதில் வந்த எண்ணை முதலில் டாக்டரம்மாவிடம் காட்டினாள், அப்புறம்தான் என்னிடம். முன்னூற்று எண்பத்தாறு.

"எத்தன மாசமா தாகம்?"

"தை மாசத்துல இருந்து."

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்க?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"எளச்சிருக்க. கண்ணு மங்குதா?"

"ஆமா."

"இத யார்ட்டயாவது சொன்னியா?"

அரிப்பைப் பற்றித்தானே எல்லாரும் கேட்டார்கள் என்றேன். கோமதி பெருமூச்சு விட்டாள். "ரத்தத்துல சீனி ஏறிக் கெடக்கு. ஒண்ணுக்குலயும் எறங்குது. பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. நீ பாட்டுக்கு மேல மருந்து தடவிக்கிட்டு இருக்க, அதுக்கு உள்ள பந்தி நடக்கு."

சர்க்கரைக்கு இரண்டு விதமான மாத்திரை, ஆறு நாளைக்கு உள்ளே வைக்கிற மாத்திரை, அவருக்கு மறுபடியும் ஒரு டியூப். ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை. இவ்வளவு நாளும் இரண்டு தெரு தள்ளி இது சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். டாக்டரம்மா அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருந்தார். கோமதி என் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகவே திறந்தது.

"ஒங்களத்தான் மொதல்ல கேட்டாகளாம் அவுகளுக்கு."

அவள் நிமிர்ந்தாள். எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. அது நடிப்பில்லை. யோசித்தாள். அப்புறம், "அதுவா? அத்தை வந்து கேட்டுட்டுப் போனாகன்னு எங்கம்மா சொன்னா. அந்த வருசம் எனக்கு நர்சிங் சீட்டுக் கெடைக்குமா கெடைக்காதாங்கதுதான் ரோதன. மத்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல செம்பகம்" என்றாள். வெளியே ஊசி போட்ட குழந்தை ஒன்று வீறிட்டது. சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினாலு வருஷம் நான் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். உலை வைக்கும்போதும், சேலை எடுக்கும்போதும், அவரோடு படுக்கும்போதும் அவள் கூடவே இருந்தாள். அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

சர்க்கரை வியாதி என்று தெரிந்ததை விட இதுதான் எனக்கு வலிக்கிறது. இது பைத்தியக்காரத்தனம் என்று எழுதும்போதே தெரிகிறது.

ஏப்ரல் 11, வியாழன்

மாத்திரை டப்பாவை அவர் பார்த்தார். போனாயா என்றார். போனேன் என்றேன். சாயங்காலம் வரும்போது அரைக்கீரையும் பாகற்காயும் வாங்கி வந்தார். எனக்குப் பாகற்காய் பிடிக்காது.

ஏப்ரல் 18, வியாழன்

அரிப்பு இல்லை. வெடிப்பு ஆறிவிட்டது. சர்க்கரை இருநூற்று முப்பது. இன்னும் இறங்க வேண்டுமாம்.

அரிப்பு இல்லாமல் போய்விட்டால் போதும் என்று விட்டுவிடாதே, மாதம் தவறாமல் வா என்றாள் கோமதி. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மாளை, மாத்திரையை நிறுத்தியதற்காக நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கரும்புச்சாறு வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே 6, திங்கள்

பூரணி லீவுக்கு என் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஹாலில் தனியாகப் படுப்பதற்கு இனி என்ன காரணம் சொல்வது? தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் விழித்துத்தான் இருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் பேசத் தொடங்கினேன். பின்கட்டில் மாமியார் சொன்னது, விசேஷ வீடுகள், பதினோரு நிமிஷம், கரும்புச்சாறு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று டம்ளர் என்றபோது மட்டும் அவர் எழுந்து உட்கார்ந்து, "சீனிய வச்சுக்கிட்டு மூணு டம்ளரா?" என்றார். கையை ஏன் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சின்ன வயசில் கோமதியின் அப்பாதான் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாராம், தப்புப் போட்டால் பிரம்பாலே அடிப்பாராம், அந்த முகஜாடை அவளுக்கு அப்படியே இருக்கிறது என்றார். அவள் முன்னால் நின்றாலே கை தானாக மடங்கிவிடுமாம்.

"அவளக் கட்டியிருந்தா நெதமும் வாய்ப்பாடு ஒப்பிக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டேன், அப்போது ஆசை இருந்ததா என்று. பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"இருந்துச்சு. பத்தொம்பது வயசு. எல்லாரும் ஒனக்குத்தாம்லே அவன்னு சொன்னா இருக்காதா? அவுக இல்லன்னதும் ஒரு வாரம் சோறு எறங்கல. எட்டாம் நாள் எறங்குச்சு. நீ வந்தது அதுக்கு எத்தன வருசத்துக்கு அப்புறம்? இல்லாத ஒருத்திக்கு எடம் விட்டு, நீ ஓரத்துலயே படுத்துக் கெடந்துருக்க செம்பகம்."

அந்த ஒரு வாரத்தை நினைத்து வெகுநேரம் எரிந்தேன். பிறகு எப்போதோ தூங்கிவிட்டேன். ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன்.

ஜூன் 12, புதன்

இரண்டு மாதமாகிறது, அரிப்பு வரவில்லை. சர்க்கரை நூற்று அறுபது. அடிக்கிற எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அண்ணாச்சி பல்லைப் பிடுங்கிவிட்டாயா என்று கேட்டார், பிடுங்கியாச்சு என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோமதியைச் சாப்பிடக் கூப்பிட்டது நான். அவர் இல்லை. நான். மாத்திரை வாங்கப் போன அன்று, அவள் இரண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மணி இரண்டே கால். அதுதான் மத்தியானச் சாப்பாடாம். அவளுடைய வீட்டுக்காரர் வளைகுடாவில். மகன் மதுரையில் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையிலிருந்து வீட்டைத் துடைத்தேன். நல்ல சேலை உடுத்தினேன், அவிழ்த்துவிட்டு வீட்டுச் சேலை உடுத்தினேன், மறுபடி நல்ல சேலை. அவர் புதுச் சட்டை போடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய சட்டைதான். அதையும் பூரணி சொல்லித்தான் மாற்றினார்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பரிமாறினேன். ஒரு பார்வையாவது, ஒரு தடுமாற்றமாவது தெரியும் என்று காத்திருந்தேன். கோமதி அவருக்கு வாயுத்தொல்லை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் பரவாயில்லை என்றார். பிறகு ஊரில் ஒரு பங்காளிச் சண்டை, யார் கிணறு, எவ்வளவு ஆழம். அப்புறம் அவளுடைய மூட்டு வலி. பூரணி கொட்டாவி விட்டாள். இதற்காகவா நான் பதினாலு வருஷம் ஓரத்தில் படுத்தேன்? எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சாப்பிட்டு முடிந்ததும் கோமதி தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். வைத்துவிடுங்கள், நான் கழுவிக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நின்றோம். நான் தேய்க்க, அவள் அலம்பினாள். பிறகு குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய உடம்பைப் பற்றியது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்காரி, ஊருக்கெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று திட்டுகிறவள், எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. கூட வேலை பார்க்கிறவர்களிடம் போய்ப் படுக்க அவளுக்குக் கூச்சமாம்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "திருநெல்வேலி போவோம். வியாழக்கிழம நான் லீவு போடுதேன். கூட வாரேன்" என்றேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். ஈரக் கையோடு என் முழங்கையைப் பிடித்தாள். அந்த முதுகு லேசாக வளைந்திருந்தது.

அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என்னுடையதை எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். அது அவளுடையது.

அவள் போன பிறகு அவர் வாசலில் நின்றுகொண்டே, அடுக்களையில் அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சும்மா சொல்லேன் என்றார். பொம்பளைங்க விஷயம் என்றேன். மறுபடியும் கேட்டார். வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலி போகிறோம், நீங்கள் பூரணிக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

குரலில் ஒரு சின்ன வாட்டம் இருந்தது. செருப்பைக் காலால் நேராக்கினார், அதையே மறுபடி கோணலாக்கினார். அந்த வாட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பதினாலு வருஷம் அது என் முகத்தில்தான் இருந்தது.

சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் சொல்லவில்லை.